இரண்டாவது கேசட் போன வழி

அக்கா கல்யாணத்துக்கு வீடியோக்காரர் மூன்று கேசட் செலவழித்தார். 2004 ஆவணி, கும்பகோணம். முதல் கேசட்டில் மாப்பிள்ளை அழைப்பு. மூன்றாவதில் பந்தியும் மறுவீடும். நடுவில் உள்ள இரண்டாவதில்தான் முகூர்த்தம், தாலி, பெரியவர்கள் காலில் விழுந்து எழுவது, அப்புறம் எங்கள் அப்பா. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினி டிஜிட்டல் வீடியோ கேசட் அது. உள்ளே கால் அங்குல அகலத்தில் ஏறக்குறைய 65 மீட்டர் நாடா.

அந்த நாடாவில் இருந்தது பிறகு டிஸ்க்குக்குப் போனது, பஸ் ஏறியது, மாடிக்குச் செல்லும் ஒரு வயரில் மாட்டிக்கொண்டது, கடைசியில் கடல் தாண்டியது. ஒவ்வொரு இடத்திலும் வேகத்துக்கு ஒரு புது அலகைச் சொன்னார்கள். அந்த அலகுகளை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இந்தக் கேசட்டைப் பத்திரப்படுத்த அலைந்ததில் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

கேமராவுக்குள் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நம் நாட்டு வீடியோ முறையில் விநாடிக்கு 25 படம். இந்தக் கேசட்டில் ஒரு படத்துக்கு, ஒலியும் சேர்த்து, 1,44,000 பைட். அப்படியானால் விநாடிக்கு 36 லட்சம் பைட். ஒரு மணி நேரக் கேசட் முழுக்க 1,296 கோடி பைட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகிற ஆள்கள் இதைப் பதின்மூன்று என்பார்கள், பன்னிரண்டு என்பார்கள், நூற்று நான்கு என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் 1,296 கோடி பைட்டில் ஒரு பைட்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் ஸ்டுடியோவிலிருந்து எங்களுக்கு வந்தது வேறு பொருள்: மூன்று விசிடி. அதில் காட்சிக்கு விநாடிக்குப் பதினொன்றரை லட்சம் பிட்தான் இடம். கேசட்டில் உள்ளது 288 லட்சம் பிட். இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு நசுக்கினால்தான் விசிடியில் அடங்கும். அக்காவின் பட்டுப்புடவைக் கரையில் ஜரிகை எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இதற்குள் நான் பைட்டிலிருந்து பிட்டுக்குத் தாவிவிட்டேன். 36 லட்சம் பைட் என்றதும், 288 லட்சம் பிட் என்றதும் ஒன்றேதான். எட்டு பிட் ஒரு பைட். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புதிய வாய்ப்பாடு இல்லை. எட்டுப் படி ஒரு மரக்கால் என்று எங்கள் பாட்டி நெல் அளந்திருக்கிறாள். மரக்கால் கணக்கில் பேசுகிறவரும் படிக் கணக்கில் பேசுகிறவரும் ஒரே குதிரைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எந்த அளவையில் சொல்கிறோம் என்பதை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் எட்டு மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

ஏன் இரண்டு அளவை வந்தது? தந்திக் கம்பிக்கு எழுத்து தெரியாது, துடிப்புதான் தெரியும். பிரான்சின் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்பு. பின்னால் வந்த முறைகளில் ஆறு, ஏழு, எட்டு. ஒரு எழுத்துக்கு எத்தனை என்பதே நிலையில்லாதபோது, கம்பிக்காரர்கள் துடிப்பை மட்டும் எண்ணினார்கள். அந்தத் துடிப்புக் கணக்குக்கு 'பிட்' என்ற பெயரை உருவாக்கியவர் ஜான் டூக்கி. அதை உலகறியச் செய்தது 1948இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரை. சேமித்து வைக்கும் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே எழுத்தை வைக்க வேண்டும், எழுத்தை எடுக்க வேண்டும். அதனால் கட்டுக் கட்டாக எண்ணினார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் வெர்னர் புக்கோல்ஸ் 1956இல் அந்தக் கட்டுக்கு 'பைட்' என்று பெயர் வைத்தார். பிட் என்பதோடு குழம்பிவிடக்கூடாது என்றுதான் ஆங்கிலத்தில் எழுத்தை மாற்றி எழுதினார். 1964இல் வந்த ஐபிஎம் 360 கணினி வரிசைக்குப் பிறகு ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பது உறுதிப்பட்டது.

அதே 1956இல்தான் முதல் ஹார்ட் டிஸ்க்கும் வந்தது. ராமேக் என்று பெயர். இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டு. ஐம்பது லட்சம் எழுத்து கொள்ளும். ஓர் எழுத்துக்கு ஆறு பிட். மொத்தம் 300 லட்சம் பிட். அக்கா கல்யாணத்தில் ஏறக்குறைய ஒரு விநாடி அதில் அடங்கியிருக்கும்.

இந்த இரண்டு வழக்கமும் இன்றுவரை பிரிந்தே நிற்கின்றன. வயர், வைஃபை, பிராட்பேண்ட் எல்லாம் பிட். டிஸ்க், பென்டிரைவ், காப்பியாகும்போது திரையில் ஓடும் எண் எல்லாம் பைட். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன எழுத்தும் பைட்டுக்குப் பெரிய எழுத்தும் போட்டு வேறுபடுத்துகிறார்கள். தமிழில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து கிடையாது. நாம் இரண்டையும் 'எம்பி' என்றே எழுதுகிறோம், 'எம்பி' என்றே சொல்கிறோம். கடைக்காரர் 'நூறு எம்பி பிளான்' என்கிறார், வீட்டில் 'நூறு எம்பி படம்' என்கிறார்கள், ஒரு விநாடியில் இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள். எட்டு விநாடியாவது ஆகும். நம் மொழியில் இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரே வழி, மெகாபிட் என்றும் மெகாபைட் என்றும் முழுதாக எழுதுவது. தமிழ்ப் பத்திரிகைகள் அதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்கள் பைட்டை 'ஆக்தே' என்கிறார்கள். எட்டின் கூட்டம் என்று பொருள். முதல் எழுத்தே வேறு.

அப்பா 2008இல் போய்விட்டார். அடுத்த வருஷம் ஸ்டுடியோவுக்குப் போய், பழைய கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். பெரும்பாலும் அவர்கள் கேசட்டின் மேலேயே வேறு கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். எங்கள் அதிர்ஷ்டம், மூன்றும் இருந்தன. ஸ்டுடியோ அண்ணன் தேடி எடுத்துக் கையில் கொடுக்காமல், "கேசட்டு கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க தம்பி, போட்டுப் பாக்க வீட்ல மிஷின் இல்லையே. ஒரு டிஸ்க்கு வாங்கிட்டு வாங்க, ஏத்தித் தர்றேன். ஒரு கேசட்டு பதிமூணு ஜிபி வரும், பாத்துக்குங்க" என்றார்.

நாடாவிலிருந்து கணினிக்கு ஏற்றுவதில் அவசரப்பட முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஓடி முடிய ஒரு மணி நேரம். கேமராவையும் கணினியையும் ஃபயர்வயர் என்ற கேபிள் இணைத்தது. அந்தக் கேபிள் ஏன் தேவைப்பட்டது என்பதை எண்ணே சொல்கிறது. தொண்ணூறுகளில் வந்த யுஎஸ்பியின் உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். கேசட் கக்குவது 28.8 மெகாபிட். போகவே போகாது. ஃபயர்வயர் 400 மெகாபிட் தாங்கும். அதனால் வீடியோ கேமராக்கள் அதையே வைத்துக்கொண்டன. மூன்று மணி நேரம் அந்தக் கடையில் உட்கார்ந்து, ஓடுவதைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கேசட்டில் 41ஆவது நிமிஷத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அங்கிருந்து நான் வாங்கிப்போன டிஸ்க்குக்கு. பெட்டியில் யுஎஸ்பி 2.0, 480 என்று போட்டிருந்தது. 480 மெகாபிட், எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். திரையில் ஓடியது 30ஐ ஒட்டி. பாதி எங்கே போனது? யுஎஸ்பி 2.0இல் போவதும் வருவதும் ஒரே தடத்தில். அதோடு, ஒவ்வொரு துண்டுக்கும் கணினி கேட்க வேண்டும், டிஸ்க் பதில் சொல்ல வேண்டும், கணினி வாங்கிக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 480 என்பது அந்தத் தடத்தில் துடிப்பு ஓடும் வேகம். அதில் நம் சரக்குக்குப் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான் மிஞ்சும். ஏழு நிமிஷத்தில் கேசட் டிஸ்க்குக்கு வந்தது.

வந்ததைத் திறந்து பார்த்தால் வயிறு கலங்கியது. பதின்மூன்று என்றார் அண்ணன். விண்டோஸ் 12 ஜிபி என்றது. விநாடிக்கு 3.6 மெகாபைட் என்று கணக்குப் போட்டால் நாலு நிமிஷ வீடியோ குறைகிறது. எந்த நாலு நிமிஷம்?

எதுவும் குறையவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஜிகா என்றால் நூறு கோடி என்கிறார்கள். மெட்ரிக் முறையில் அதுதான் பொருள். விண்டோஸ் ஜிகா என்ற அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தால் வகுக்கிறது. கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு முகவரிக் கம்பியைச் சேர்க்கும்போதும் இடம் இரட்டிக்கும். பத்து முறை இரட்டித்தால் 1,024. ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையும் கிலோ என்றார்கள். ஒரு கிலோவில் இரண்டு சதவீதம் கூட. மெகாவில் ஐந்து சதவீதத்தை எட்டும், ஜிகாவில் ஏழைத் தாண்டும், டெராவில் பத்தை நெருங்கும். 1 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது இதனால்தான். பழைய ஃபிளாப்பியில் 1.44 மெகாபைட் என்று போட்டிருக்குமே, அது இரண்டிலும் சேராது: 1,024ஐ ஒருமுறை, 1,000ஐ ஒருமுறை பெருக்கி வந்த மெகா.

பட்டணம் படி, சின்னப் படி என்று நம் ஊர்களில் இருந்ததே, அதே கதை. பெயர் படி, கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. 1956இல் எடை, அளவுச் சட்டம் போட்டு நம் நாடு அதற்கு முடிவு கட்டியது. கணினி உலகத்திலும் முயன்றார்கள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் 1,024 வழிக் கணக்குக்குக் கிபி, மெபி, கிபி என்ற புதுப் பெயர்களை வைத்தது. கிலோவுக்குரிய கிபியையும் ஜிகாவுக்குரிய கிபியையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி நிற்கின்றன. நமக்கு அதுவும் உதவவில்லை. ஆப்பிள் கணினிகள் 2009இலிருந்து ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன. விண்டோஸ் மாறவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் விண்டோஸ்தான் என்பதால் இந்த ஏழு சதவீதம் நம்மோடுதான் இருக்கும்.

அக்கா அப்போது சென்னையில். "நெட்டுல அனுப்புடா" என்றாள். எங்கள் வீட்டில் டெலிபோன் வயரில் வந்த பிராட்பேண்ட், விநாடிக்கு 256 கிலோபிட். 2004இல் மத்திய அரசின் கொள்கை பிராட்பேண்ட் என்ற பெயருக்குக் குறைந்தபட்சமாக வைத்த அளவு அது. 2013இல் 512 ஆனது, 2023இல் 2 மெகாபிட். 256 கிலோபிட்டை எட்டால் வகுத்தால் 32 கிலோபைட். அனுப்புவதற்கும் அவ்வளவு கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டாவது கேசட் மட்டும் சென்னை போய்ச்சேர நாலு நாள் பதினாறரை மணி நேரம். ஒரு தடவை கரண்ட் போனால் முதலிலிருந்து. (1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது இருந்த 9.6 கிலோபிட் டயல்-அப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக 125 நாள்.)

டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, ராத்திரி பஸ் ஏறினேன். ஏழு மணி நேரம். மூன்று கேசட்டும் சேர்த்து 3,888 கோடி பைட்டை 25,200 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 15.4 லட்சம் பைட். பிட்டில் சொன்னால் 12.3 மெகாபிட். என் வீட்டு பிராட்பேண்டைப்போல 48 மடங்கு வேகமாக ஓடியது அந்த பஸ். ஆனால் முதல் பைட் போய்ச் சேரவும் ஏழு மணி நேரம், கடைசி பைட்டுக்கும் ஏழு மணி நேரம். அந்த மெதுவான 256 கிலோபிட்டில் அக்காவோடு பேசலாம். பஸ்ஸில் பேச முடியாது. எவ்வளவு போகிறது என்பது ஒன்று, எத்தனை நேரத்தில் முதலாவது போய்த் தொடுகிறது என்பது இன்னொன்று. வேகம் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டையும் போட்டு மூடிவிடுகிறோம்.

டெல்டாக்காரனுக்கு இந்தக் குழப்பம் வரக்கூடாது. தினமும் பேப்பரில் மேட்டூர் நிலவரம் படிக்கிறோம். இருப்பு டி.எம்.சி.யில், திறப்பு விநாடிக்கு இத்தனை கன அடி. இருப்பு வேறு, ஓட்டம் வேறு என்பது கடைமடை விவசாயிக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி விட்டால் ஒரு டி.எம்.சி. தீரும் என்று விரல்விட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. ஜிகாபைட் டி.எம்.சி. மாதிரி, மெகாபிட் கன அடி மாதிரி. அணையில் எவ்வளவு திறந்தாலும், வயலுக்கு வருவது கடைசி மதகு விடுகிற அளவுதான் என்பதையும் அவர்கள் அறிவார்கள். நான்தான் அதை மறந்துபோய்ப் பணத்தை விட்டேன்.

அந்தக் கதைக்கு முன் ஒரு சின்ன நிறுத்தம். பழைய டிஸ்க் கிறீச்சிடத் தொடங்கியதும் யுஎஸ்பி 3.0 டிஸ்க் ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். பெட்டியில் 5 ஜிகாபிட். இங்கே எட்டால் வகுக்கக்கூடாது, பத்தால் வகுக்க வேண்டும். ஐபிஎம்மின் விட்மரும் ஃபிரானாசெக்கும் 1983இல் வெளியிட்ட முறைப்படி, எட்டு பிட் சரக்கைப் பத்து பிட்டாக மாற்றிக் கம்பியில் அனுப்புகிறார்கள். பூஜ்யமும் ஒன்றும் ஒரே பக்கம் சாயாமல் சமமாக வருவதற்கும், எதிர்முனை தாளம் தப்பாமல் எண்ணுவதற்கும் அந்தக் கூடுதல் இரண்டு. ஆக உச்சம் 500 மெகாபைட். கணினிக்குள் டிஸ்க்கை மாட்டும் சாட்டா கேபிளும் இதே வகை: 6 ஜிகாபிட் என்றால் 600 மெகாபைட். ஆனால் என் கைக்கடக்க டிஸ்க் தந்தது 110தான். சுழலும் தட்டு அவ்வளவுதான் தரும். கேபிளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது மாடிக்கு வருகிறேன். வீட்டில் எல்லோருடைய போட்டோவும் வீடியோவும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று, நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்கி மாடி அறையில் வைத்தேன். கீழே ஹாலில் ரூட்டர். இரண்டுக்கும் நடுவே ஜன்னல் ஓரமாகக் கேபிள் இழுக்கச் சொன்னேன். பெட்டி ஜிகாபிட், ரூட்டர் ஜிகாபிட், லேப்டாப் ஜிகாபிட், கேபிள் மேலும் அதற்குரிய வகை அச்சிட்டிருந்தது. 1,000 மெகாபிட் என்றால் 125 மெகாபைட். நூறாவது வரும் என்று உட்கார்ந்தேன்.

11.3.

இரண்டாவது கேசட் மாடிக்கு ஏற 18 நிமிஷம். வயர் போட்ட தம்பியைக் கூப்பிட்டேன். "லைட்டு எரியுது பாருங்க சார். நெட்டு வருது. வயர் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. லைட் எரிந்தது, நெட் வந்தது. அப்படியானால் டிஸ்க்தான் சோப்ளாங்கி என்று முடிவுகட்டி, பெட்டிக்குள் போட வேறு புது டிஸ்க் வாங்கினேன். அதுவும் 11.3.

இரண்டு நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அது அசையவே இல்லை. டிஸ்க் காரணமாக இருந்தால் எண் ஏறி இறங்கும். சுழலும் தட்டில் வெளிவட்டம் நீளம், உள்வட்டம் குட்டை. களத்தில் பிணையல் கட்டிச் சூடடிக்கும்போது ஓரத்து மாடு ஓடிக்கொண்டிருக்கும், முளைக்குச்சிக்குப் பக்கத்து மாடு நின்ற இடத்திலேயே திரும்பும். சுற்று எல்லாவற்றுக்கும் ஒன்று, நடந்த தூரம் வேறு. அதுபோலத்தான் காலியான டிஸ்க் வெளிவட்டத்தில் 180 மெகாபைட் தந்தால், நிரம்பி உள்ளே போகப் போக அதில் பாதிக்கு இறங்கிவிடும். சின்னச் சின்ன போட்டோக்களாக அனுப்பினால் இன்னும் விழும். இதுவோ கோடு போட்ட மாதிரி 11.3. ஏதோ ஓர் இடத்தில் மதகு இருக்கிறது.

விண்டோஸ் காட்டும் 11.3 மெகாபைட், 1,024 கணக்கு. உண்மையான மெகாபைட்டாக்கினால் 11.85. எட்டால் பெருக்கினால் 94.8 மெகாபிட். ஈதர்நெட்டில் நம் சரக்கு 1,460 பைட் கட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு கட்டுக்கும் யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனையாவது, சரியாக வந்ததா என்ற விவரங்களும், அடுத்த கட்டுக்கு முன்னான இடைவெளியும் சேர்ந்து கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும். 1,460ஐ 1,538ஆல் வகுத்தால் 94.9 சதவீதம். நூறு மெகாபிட் இணைப்பில் மனிதன் பார்க்கக்கூடிய உச்சம் 94.9. என் 94.8 வேறு யாருடைய கைரேகையும் இல்லை. எங்கோ ஒரு துண்டு 1,000இல் பேசாமல் 100இல் பேசிக்கொண்டிருக்கிறது.

லேப்டாப்பின் செட்டிங்கில் பார்த்தேன்: ஸ்பீட் 1,000. ஆக, லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே சரி. மாடிப் பெட்டியின் பக்கத்தில் பார்த்தேன்: 100. ஜன்னல் ஓரக் கேபிள்தான்.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். 1973இல் ஜெராக்ஸின் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் தொடங்கியபோது அது ஒரு தடித்த கேபிள், வேகம் 2.94 மெகாபிட். 1995இல் 100 வந்தபோது இரண்டு ஜோடி போதும்படி செய்தார்கள்: ஆரஞ்சும் பச்சையும். 1999இல் அதே செம்புக் கம்பியில் 1,000 வந்தபோது நான்கு ஜோடியும் வேண்டும் என்றாகிவிட்டது. நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு வயர் தொடாவிட்டாலும் இரு முனைகளும் கலந்து பேசி, 'சரி, நூறிலேயே போவோம்' என்று இறங்கிவிடும். எச்சரிக்கை வராது. லைட் எரியும். நெட் வரும். வீட்டு பிராட்பேண்டே 100 மெகாபிட் என்றால் இன்டர்நெட்டில் வித்தியாசம் தெரியவே தெரியாது. இப்படி எத்தனை வீடுகளில் ஜிகாபிட்டுக்குப் பணம் கொடுத்து நூறை வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை. நெல் அளக்கிறவன் படியைக் கவிழ்த்துப் பார்க்கிறமாதிரி, இதையும் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மாடி முனையின் ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்குக்குள் ஏழு வயர் முனைவரை வந்திருந்தன. நீல வெள்ளை மட்டும் ஒரு நூல் குட்டை. வெட்டிவிட்டு, எட்டையும் வரிசைப்படுத்தி, புது ஜாக் வைத்துக் கிரிம்ப் செய்தோம். அந்த ஜாக்கின் விலை ஒரு டீக்குக்கூட வராது. மறுபடி காப்பி போட்டேன். 113. இரண்டாவது கேசட் ஒரு நிமிஷம் ஐம்பது விநாடியில் மாடி ஏறியது. 113ஐயும் முன்பு செய்ததுபோலக் கணக்கிட்டுப் பாருங்கள். 948 மெகாபிட் வரும்.

அம்மா கீழே டிவியில் பார்க்க வேண்டும் என்றாள். டிவியோடு பழைய லேப்டாப்பை மாட்டி, வைஃபையில் ஓடவிட்டேன். 72 மெகாபிட் இணைப்பு என்று காட்டியது, வேண்டியது 28.8தான். ஆனாலும் திக்கித் திக்கி ஓடியது. வைஃபை காட்டும் எண் கம்பியின் எண் மாதிரி இல்லை. காற்று ஒன்றுதான். ரூட்டர் பேசும்போது லேப்டாப் கேட்க வேண்டும், லேப்டாப் பேசும்போது ரூட்டர் காத்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே அலைவரிசையில் முறை கேட்கும். காட்டும் எண்ணில் பாதி கையில் கிடைத்தால் நல்ல நாள். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. சுவர் நடுவில் இல்லை என்பதும் காரணம்.

அக்கா இப்போது சிங்கப்பூரில். போன மாதம் அவள் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கியதும், விசிடி வேண்டாம், அந்த முழு வீடியோ வேண்டும் என்றாள். வீட்டில் இப்போது ஃபைபர். தெருமுனையில் ஒரு கண்ணாடி இழை, கீழிறக்க 2.488 ஜிகாபிட், மேலேற்ற 1.244 ஜிகாபிட், அதைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். என் வீட்டிலிருந்து மேலேறிய வேகத்தை அளந்தால் 40 மெகாபிட். விளம்பரத்தில் வருவது இறங்கும் வேகம். அனுப்புகிறவன் பார்க்க வேண்டியது ஏறும் வேகம். 40ஐ எட்டால் வகுத்தால் ஐந்து மெகாபைட், இரண்டாவது கேசட்டுக்கு 43 நிமிஷம் 12 விநாடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் 2002இலேயே போட்ட ஒரு கேபிளின் வடிவமைப்புக் கொள்ளளவு விநாடிக்கு 8.4 டெராபிட். அவ்வளவும் ஒருவருக்கே கிடைத்தால் ஒரு விநாடியில் 81 கேசட் போகும். கடல் ஒரு தடையே இல்லை. என் வாசலிலிருந்து தெருமுனைவரைதான் மதகு.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அனுப்பத் தொடங்கினேன். பதினொன்றுக்கெல்லாம் போன் வந்தது.

"டேய், ரெண்டாவது பாத்துட்டேன். நாப்பத்தியோராவது நிமிஷத்துல அப்பா நாயனக்காரர்கிட்ட என்னடா சொல்றாரு?"

"தெரியலக்கா. மேளச் சத்தத்துல கேக்கல."

"சொல்லிட்டு நேரா கேமராவைப் பாக்குறாருடா."

நாலு விநாடி பார்க்கிறார். நூறு படம், 14.4 மெகாபைட். அந்த இடத்தை நான் எழுந்து போகாமல் முதன்முறையாகப் பார்த்தது மாடியில், வயரைச் சரிசெய்த அன்றைக்கு. வேட்டி மடிப்பு தெரிகிறது, நெற்றியில் வேர்வையோடு கலைந்த விபூதி தெரிகிறது. அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மறுபடி அந்த இடத்துக்கு ஓட்டுகிறாள். இந்தப் பக்கம் எனக்கு மேளச் சத்தம் கேட்கிறது.